பட்டறை மதிலுக்கு மேற்கு

பொன்மலைப் பேரன்:

திருச்சி பொன்மலையில் எங்கள் வீட்டில் கடிகாரத்தைவிட ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்குக்குத்தான் மரியாதை. காலையில் அது ஊதும்போது தாத்தா சைக்கிளில் ஏறியிருப்பார். சாயங்காலம் ஊதினால் பாட்டி டீக்குத் தண்ணீர் வைப்பாள். அப்படிப் பொன்மலையிலேயே ஊறிப்போன மனுஷன், கோபம் வந்தால் மட்டும் "நாங்கல்லாம் நாகப்பட்டினம் பட்டறைக்காரங்கடா" என்பார். சின்ன வயதில் எனக்கு அது புரிந்ததில்லை. கடலோரத்து ஊர், மீனும் தர்காவும் மாதா கோயிலும் தெரியும், அங்கே என்ன பட்டறை?

பிறகுதான் தெரிந்தது, காவிரிப் பக்கத்து ரயில் கதையே நாகையில்தான் ஆரம்பிக்கிறது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடியது, மறு வருஷம் திருச்சி வரைக்கும். போட்டது லண்டனில் இருந்த ஒரு கம்பெனி. 1874இல் அது இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. முதலில் போட்டது அகலப்பாதை. 1875 வாக்கில் அதைப் பெயர்த்துக் குறுகலான மீட்டர் கேஜ் ஆக்கினார்கள், நம் காலத்தில் மறுபடி அகலமாக்கினார்கள். எஞ்சின், பெட்டி பழுதுபார்க்கும் பெரிய பட்டறை நாகையில் இருந்தது. 1920களின் கடைசியில் அதைத் தூக்கிப் பொன்மலைக்குக் கொண்டுவந்தார்கள், அதோடு எங்கள் கொள்ளுத்தாத்தாவும் வந்தார்.

பாட்டி போனபிறகு டிரங்குப் பெட்டியில் ஒரு பத்திரம் கிடைத்தது. 1929இல் கொள்ளுத்தாத்தா நாகை வீட்டை விற்ற பத்திரத்தின் நகல். தெருப் பெயர் இருக்கிற இடத்தைச் செல் அரித்துவிட்டது. மிஞ்சியது செக்குபந்தி, அதாவது நாலு பக்க எல்லை விவரம் மட்டும்: "பட்டறை மதிலுக்கு மேற்கு, முனிசிபல் சாக்கடைக்குக் கிழக்கு, தெருவுக்குத் தெற்கு." நான்காவது யாரோ ஒருவர் வீடு.

போன மாசி மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு நாகை போனேன். வயதானவர்களைக் கேட்டுக் கேட்டு, பட்டறை இருந்ததாகச் சொன்ன பக்கத்துக்குப் போய், மேற்கே மதில் இருக்கிற தெருவாகப் பார்த்து இரண்டு நாள் வெயிலில் அலைந்தோம். ஒன்று கிடைத்தது. நீளமான மதில், காரை பெயர்ந்து, பார்க்கவே அந்தக் காலத்துக் களை. மகளை அதில் சாய்ந்து நிற்கச் சொல்லிப் படம் எடுத்து, ரயில் வரலாற்றில் பாதியை அங்கேயே சொல்லி முடித்தேன். எதிரே இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், அது உரக் குடோன் சுவரு. நாந்தான் சித்தாள் வேலை பாத்தேன், எம்பத்தஞ்சுல" என்றார்.

உங்களில் யாருக்காவது இப்படித் தெருவையும் கட்டடத்தையும் தேடிப்போன அனுபவம் இருந்தால் எழுதுங்கள். அசடு வழிந்ததையும் சேர்த்து.

நாகைப் பத்திர எழுத்தர்:

தம்பி, இளநீர்க்காரர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். நீங்கள் தேடியதே தப்பான பக்கம்.

செக்குபந்தியில் "மதிலுக்கு மேற்கு" என்றால் மேற்கே மதில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மதிலுக்கு மேற்கே உங்கள் வீடு இருக்கிறது. அதாவது மதில் உங்களுக்குக் கிழக்கே. அதேபோல சாக்கடை மேற்கே, தெரு வடக்கே. முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன், படித்த பிள்ளைகள் எல்லோரும் இதில்தான் சறுக்குகிறார்கள். வக்கீலே ஒருமுறை சறுக்கி, கட்சிக்காரர் பக்கத்து மனையில் போர்வெல் போட்ட கதை உண்டு.

இன்னொன்று. செக்குபந்தியை முழுசாக நம்பாதீர்கள். நாங்கள் தாய்ப்பத்திரத்தைப் பார்த்துத்தான் புதுப் பத்திரம் எழுதுவோம். நேரில் போய் எல்லை பார்த்து எழுதுகிற எழுத்தர் அபூர்வம். பட்டறை பொன்மலைக்குப் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனபிறகு, 1970களில் எழுதிய பத்திரத்தில்கூட "பட்டறை மதில்" என்றே இருப்பதை என் கையால் புரட்டியிருக்கிறேன். மதில் அப்போது இருந்ததா, யாராவது இடித்துக் கல்லை அள்ளிப்போய்விட்டார்களா, பத்திரத்துக்குத் தெரியாது. அது பாட்டுக்கு நகல் எடுத்துக்கொண்டே வரும்.

ஆனால் அதுவே உங்களுக்கு உதவும். அந்த வார்த்தை வருகிற பத்திரங்களை வரிசையாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போனால் தெரு கிடைத்துவிடும். ஆன்லைன் வில்லங்கச் சான்று ஓரளவுக்குத்தான் பின்னால் போகும். அதற்கு முந்தையதுக்கு மனு எழுதிக் கொடுத்துப் புத்தகத்தில் தேடச் சொல்லவேண்டும். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன், ஓர் இடத்தில் அந்த வால்யூம் கரையான் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. தூக்கியதும் அட்டை மட்டும் கையில் வந்தது.

பெரியவர்களிடம் வருஷம் கேட்காதீர்கள், புயல் கேளுங்கள். "ஐம்பத்திரண்டு புயலுக்கு முன்னாடியா பின்னாடியா?" "எழுபத்தேழு புயல்ல அந்த மதில் நின்னுச்சா?" எங்கள் ஊரில் அதுதான் காலண்டர்.

கீழப்புலிவார்டு மருமகள்:

என்னுடையது திருச்சிக் கதை, பட்டறை இல்லை. கல்யாணமாகி இங்கே வந்தபோது முகவரியில் "கீழப்புலிவார்டு ரோடு" என்று எழுதியிருந்ததைப் பார்த்து மாமியாரிடம், "இங்கே புலி இருந்துச்சா அத்தை?" என்று கேட்டேன். "இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு உளுந்து புடைக்கப் போய்விட்டார். ஆட்டோக்காரர் ஒருவர் இன்னும் விவரமாக, நாயக்க ராஜா அங்கேதான் புலியைக் கட்டிவைத்து வளர்த்தார், பெரிய கூண்டு, பக்கத்திலேயே ஆட்டுத்தொட்டி என்றெல்லாம் சொன்னார். இ.பி. ரோடு என்று சுருக்கினால் மின்சார வாரிய ஆபீஸ் எங்கே என்று கேட்கிறவர்கள் தனி ரகம்.

இ.பி. என்றால் ஈஸ்ட் புலவார்ட். மலைக்கோட்டையைச் சுற்றி இருந்த மதிலை வெள்ளைக்காரன் காலத்தில் இடித்து, அகழியைத் தூர்த்து, அந்த இடத்தில் சாலை போட்டார்கள். மேற்கே போட்டது மேலப்புலிவார்டு, கிழக்கே கீழப்புலிவார்டு. இதைத் தேடிக்கொண்டு போனபோது எனக்குப் பிடித்துப்போன விஷயம் வேறு. புலவார் என்கிற பிரெஞ்சு வார்த்தையே கொத்தளம், மதில் என்று பொருள்படும் பழைய டச்சு வார்த்தையிலிருந்து வந்ததாம். பாரீசிலும் மதிலை இடித்த இடத்தில் போட்ட சாலைகளுக்குத்தான் முதலில் அந்தப் பெயர் வைத்தார்கள். ஆக, பெயர் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான். நாம்தான் நடுவில் புலியை விட்டோம்.

இப்போது மெயின் கார்டு கேட் வழியாகப் போகும்போதெல்லாம் அந்தக் கோட்டை வாசலை நிமிர்ந்து பார்க்கிறேன். இரண்டு பக்கமும் ஜவுளிக்கடை போர்டு, நடுவில் தனியாக ஒரு வாசல். வீடு இடித்துவிட்டு நிலைப்படியை மட்டும் விட்டதுபோல இருக்கும். மாமியாரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். "புலியே நல்லாயிருந்துச்சு" என்றார்.

கீழ்வேளூர் டீச்சர்:

கூரை ஓடுகளை வைத்து வீட்டுக்கு வயது சொல்லக்கூடாது என்பதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன்.

மங்களூர் ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் செய்தவன் முத்திரை இருக்கும், தெரியுமில்லையா? பேசல் மிஷன் என்று இருந்தால் நல்ல பழசு. அந்த மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தது 1865இல். முதல் உலகப்போரின்போது அவர்கள் சொத்தையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, பிற்பாடு காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயரில் ஓடு வந்தது. எங்கள் அம்மா வீட்டு மாட்டுக்கொட்டகை ஓட்டில் பேசல் மிஷன் முத்திரையைப் பார்த்துவிட்டு, இந்தக் கொட்டகை நூறு வருஷத்துக்கு மேல் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடமே எடுத்துவிட்டேன்.

மாமா வந்து சிரித்தார். ஐம்பத்திரண்டு புயலில் எங்கள் தெருவில் முக்கால்வாசிக் கூரை போனது. புயல் ஓய்ந்த மறுநாள் அவர்கள் அப்பாவும் சித்தப்பாவும் வயலில் இறங்கி, உடையாத ஓடாகப் பார்த்துப் பொறுக்கிவந்து அடுக்கினார்களாம். "அதுல நம்ம ஓடும் இருக்கும், ஸ்டேஷன் ஓடும் இருக்கும், எவன் வீட்டு ஓடோ" என்றார். கொட்டகை கட்டியது 1953. ஓடு மட்டும்தான் கிழவி.

பிள்ளைகளிடம் திருத்திச் சொன்னேன். ஒருவன், "அப்ப அது திருட்டு ஓடா டீச்சர்?" என்றான். அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

ஓய்வுபெற்ற ஃபிட்டர், பொன்மலை:

பேரன் தம்பிக்கு ஒரு வார்த்தை. "பட்டறை பொன்மலைக்கு வந்தது, அதோடு கொள்ளுத்தாத்தாவும் வந்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எல்லோரும் வரவில்லை. பட்டறையை மாற்றும்போது ஆயிரக்கணக்கில் ஆள்குறைப்பு என்று கம்பெனி சொன்னது. அதை எதிர்த்துத்தான் 1928 ஜூலையில் நாகை, போத்தனூர், பொன்மலை என்று லைன் முழுக்க வேலைநிறுத்தம். தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் கைதானபோது அவருக்கு வயது 68. பத்து வருஷத் தண்டனை கொடுத்து, அப்பீலில் குறைத்தார்கள். வேலைநிறுத்தம் தோற்றது. பொன்மலை குவார்ட்டர்ஸ் வரிசையில் இடம் கிடைத்தவன் பேரன்தான் இன்று சங்கு பற்றி எழுத முடிகிறது. கோபமாகச் சொல்லவில்லை, நானும் அந்தப் பேரன்தான்.

எங்கள் ஊரில் எந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் ஆர்மரி கேட்டைப் படம் எடுப்பார்கள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைப் படம் எடுப்பார்கள், ஊட்டி மலை ரயிலுக்கு எஞ்சின் செய்கிற கதையைக் கேட்பார்கள். நான் சங்கத் திடலுக்குக் கூட்டிப்போவேன். 1946 செப்டம்பர் 5ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளிகள் செத்த நினைவு அங்கே இருக்கிறது. பார்ப்பதற்குப் பெரிய கட்டடம் ஒன்றும் கிடையாது.

பொன்மலைப் பேரன்:

ஃபிட்டர் ஐயா சொன்னது இரண்டு நாள் தூங்கவிடவில்லை. பத்திர எழுத்தர் ஐயா சொன்னபடி திசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போன சனிக்கிழமை மறுபடி நாகை போனேன். இந்தத் தடவை தனியாக.

தெரு கிடைத்தது. அவர் சொன்ன வழியில் தாய்ப்பத்திரம் தேடவெல்லாம் நேரமில்லை. பட்டறைப் பக்கத்திலிருந்து மேற்கே முதல் சாக்கடை வரைக்கும் என்று பார்த்தால் மூன்றே சந்துதான். தெருவுக்குத் தெற்கே என்றதும் அதில் ஒன்றுதான் மிஞ்சியது. எங்கள் வீடு இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடையும் ஒரு காலி மனையும். மனையின் கிழக்கு ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குச் சித்துக்கல் (பழைய சின்னச் செங்கல்) சுவர், எருக்கஞ்செடிக்குள்ளே. அதுதான் பட்டறை மதிலா என்று அடித்துச் சொல்லமாட்டேன், குடோன் பாடம் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த வீட்டில் ஓர் ஆச்சி. எழுபத்தெட்டு வயது, எழுபத்தேழு புயலில் அந்தச் சுவர் ஆள் உயரம் இருந்தது என்று கையைத் தூக்கிக் காட்டினார். விஷயத்தைச் சொன்னேன். "எங்க மாமனாரோட அப்பாவும் பட்டறையிலதான் இருந்தாரு" என்றார். பிறகு, "உங்க வீட்டுல எடுத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம் ஆச்சி."

"இவர எடுத்துக்கல" என்றார். அவ்வளவுதான். மோர் கொண்டுவரட்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

திண்ணை ஓட்டைத் தாங்கி நின்ற தூணை அப்போதுதான் பார்த்தேன். பச்சை பெயிண்ட் பலமுறை அடித்த இரும்பு. கையால் தடவினால் தலைப்பு, இடுப்பு, பாதம் எல்லாம் தட்டுப்பட்டது. தண்டவாளத் துண்டு. இடுப்புப் பகுதியில் ஏதோ மேடாக இருந்தது. ஆச்சியிடம் கேட்டுக் கொஞ்சம் அரிசிமாவு வாங்கி, தேங்காய் நாரால் தேய்த்துவிட்டு மாவைப் பூசினேன். எழுத்து நிற்கவில்லை, பெயிண்டில் மாவு ஒட்டாமல் வழிந்தது. "மாவ ஏன் வீணாக்குற" என்று திட்டிவிட்டு, பேரன் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் எடுத்துத் தந்தார். படுக்கை வாட்டில் வைத்து லேசாக இழுத்ததும் மேடுகள் மட்டும் வெள்ளையாக எழுந்து வந்தன. ஆங்கிலத்தில் ஸ்டீல் என்ற சொல், அதன் பக்கத்தில் 187. கடைசி இலக்கத்தின் மேல் கொடிக்கயிறு கட்டுவதற்காக ஒரு கொக்கியை வெல்டு வைத்திருந்தார்கள்.

கொக்கியை எடுக்கலாமா என்று கேட்க வாய் வரவில்லை. அதில் ஈரத் துணி தொங்கிக்கொண்டிருந்தது.