வீடு என் பெயரில். இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி (அம்மாப்பேட்டை அம்மா): வீட்டுக்காரர் தவறியபின் தனியாகத்தான் இருக்கிறேன். சேலத்து வீடு, கொலுசுப் பட்டறைக் கூலியில் சீட்டுப் போட்டு என் பெயரில் வாங்கியது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் அவர் சம்பாத்தியம், உயில் இல்லை. பெங்களூர் மகன் வரும்போதெல்லாம், "செட்டில்மென்ட் எழுதிடும்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்கிறான். மகள் வாய் திறப்பதில்லை, மாடி வாடகையை மட்டும் விசாரிப்பாள். மிளகு விற்ற காசில் வாஷிங் மெஷின் வாங்கினேன், "இந்த வயசுல எதுக்கு?" என்று ஒரு பேச்சு. துவைக்கிறது நான்தானே!

பதில் 1: அக்கா, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-ம் பிரிவுப்படி வீடு முழுக்க உங்களுடையது. யாரும் பங்கு கேட்க முடியாது. தோட்டத்தில் உங்களுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சம பங்கு. மாமியார் இருந்தால் அவருக்கும் ஒன்று.

பதில் 2: செட்டில்மென்ட் பதிவானால் சொத்து கைமாறிவிடும், அவசரப்படாதீங்க. உயில் என்றால் உங்களுக்குப் பிறகுதான்; எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், இரண்டு சாட்சி போதும். எழுதியே ஆகணும்னா, கடைசிவரை பராமரிக்கணும் என்பதைப் பத்திரத்திலேயே போடுங்க. மீறினால் 2007 மூத்த குடிமக்கள் சட்டம் 23-ம் பிரிவில் ரத்து கேட்கலாம்.

அம்மாப்பேட்டை அம்மா: மாமியார் கொழுந்தன் வீட்டில் நன்றாகவே இருக்கிறார். அவருக்குப் பங்கு உண்டென்று மகன் மூச்சே விடவில்லை! சரி, பொங்கலுக்கு வரட்டும், கேட்கிறேன்.