கறுப்பு அன்னத்தை நேரில் பார்த்தவர்கள் வாருங்கள்

மெல்போர்னிலிருந்து

இங்கே வந்த முதல் வருடம் நான் எடுத்த கறுப்பு அன்னப் படங்கள் நானூறுக்குக் குறையாது. அவற்றில் ஒன்றைக்கூட வெளியில் காட்ட முடியாது. ஆல்பர்ட் பார்க் ஏரிக்கு மத்தியான வெயிலில் போய், கரையில் நின்ற மேனிக்கே கிளிக்கித் தள்ளியவை. தண்ணீர் தகதகவென்று மின்னும், நடுவில் கரி மூட்டை மாதிரி ஏதோ மிதக்கும், அதன் முனையில் ஒரு சிவப்புப் பொட்டு. ஊருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் அக்கா கேட்டாள், "என்னடா இது, நீர்க்காக்காயா?"

அன்னம் என்றால் எனக்குக் குத்துவிளக்கின் உச்சியில் இருப்பதும் கல்யாணப் பத்திரிகையில் இருப்பதும்தான். இங்கே டிராமை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தால் நிஜமாகவே நீந்துகிறது, அதுவும் கறுப்பாக. அதனால் தேடி அலையும் பாடு இல்லை. கறுப்பைப் படத்தில் பிடிப்பதில்தான் பாடெல்லாம்.

ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் நடைபாதை. ஃபார்முலா ஒன் கார் பந்தயம் நடக்கும் அதே இடம். ஒருநாள் காலையில் அங்கே ஒரு பெரியவர் சாக்கு விரித்து, சேற்றோரம் குப்புறப் படுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பக்கத்தில் இடம் விட்டார். படுத்தேன். அவ்வளவுதான், பறவையே வேறாகிவிட்டது. மேலிருந்து பார்த்தபோது மூட்டையாகத் தெரிந்ததற்குத் தரைமட்டத்தில் கழுத்து வந்தது, மார்பு வந்தது, கண் வந்தது. கண்ணும் சிவப்பு! கறுப்புத் தலைக்குள் புதைந்து கிடப்பதால், பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் தெரியும். கேமராவின் ஆட்டோஃபோகஸ் எப்போதும் அந்தச் சிவப்பு அலகைத்தான் போய்ப் பிடிக்கும், கண்ணை விட்டுவிடும். புள்ளியைக் கையால் நகர்த்திப் பழக எனக்கு ஒரு மாதம் ஆனது.

அப்புறம் முதுகு. தூரத்தில் மொழுமொழுவென்று இருக்கும் முதுகில், கிட்டே பார்த்தால் இறகுகள் ஓரம் சுருண்டு அலை அலையாக நிற்கின்றன, சீவிய மரச் சுருள்போல. ஆண், பெண் இரண்டுக்கும் உண்டு. சுருள் அதிகம் உள்ள பறவைக்குக் கூட்டத்தில் மரியாதையும் அதிகம் என்று ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள்.

இந்த ஏரியிலும் ஆராய்ச்சி உண்டு. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தார் பல வருடங்களாகப் பறவைகளின் கழுத்தில் எண் பொறித்த பட்டி மாட்டி, எது எங்கே போகிறது, எதனோடு சேர்கிறது என்று குறித்து வருகிறார்கள். படத்தில் பட்டி அசிங்கமாக விழுகிறது என்று முதலில் நான் சலித்துக்கொண்டேன். பிறகு அந்த எண்ணே பழக்கமாகிவிட்டது. ஜோடியாகவே திரியும் பறவை, சரி. ஆனால் மரபணுவைப் பார்த்தபோது, குஞ்சுகளில் ஏறக்குறைய ஏழில் ஒன்றுக்கு அப்பா வேறு என்று தெரிந்ததாம். கல்யாணப் பத்திரிகைக்காரர்களுக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள்.

நான் மறக்காத காட்சி, போன ஆகஸ்டில் கண்ட அடைமாற்றம், அதாவது அடைகாப்பதில் ஜோடி ஆள் மாறிக்கொள்வது. நாணலைக் குவித்து மேடு கட்டியிருந்தது. நல்ல தூரத்தில் உட்கார்ந்து, 600 எம்எம் லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணும் அடைகாக்கும் இனம் இது. ஒன்று நீந்தி வந்தது. உட்கார்ந்திருந்தது எழுந்து, அவசரமில்லாமல் தண்ணீருக்கு இறங்கியது. இறங்கினதும் போய்விடவில்லை. நின்று, நாணல் துணுக்கு ஒவ்வொன்றாக அலகால் எடுத்துத் தோளுக்குப் பின்னால் கூடு இருக்கும் பக்கம் போட்டது. முக்கால்வாசி கூட்டில் விழவே இல்லை. புதிதாக வந்த பறவை இளம்பச்சை முட்டைகளை அலகின் அடிப்பக்கத்தால் மெல்ல உருட்டிச் சரிபார்த்து, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி உட்கார்ந்தது. நான்கைந்து நிமிடம்தான். நான் ஐந்து படம்கூட எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். ரொட்டி போட்டுக் கிட்டே கூப்பிட்டவர்கள் மட்டும் அதை இங்கே சொல்ல வேண்டாம்.

பெர்த்திலிருந்து

நான் யாழ்ப்பாணம், இங்கே வந்து பதினாறு வருடம். அன்னத்தை முதலில் காதால்தான் கண்டேன் என்று சொல்ல வேண்டும். ஆற்றுக்குக் கிட்ட வீடு. வந்த புதிதில் இரவு பதினொரு மணிக்கு வானத்தில் ஒரு சத்தம். கோயில் திருவிழாவுக்கு முதல் மேளகாரர் சீவாளியை வாயில் வைத்துச் சரிபார்ப்பாரே, அச்சொட்டாக அது. வெளியே ஓடிவந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. இருட்டுக்குள் கறுப்புப் பறவை பறந்தால் என்னத்தைத் தெரியும்? அடுத்த நாள் வேலையிடத்தில் கேட்டபோதுதான் சொன்னார்கள், அன்னங்கள் இரவில் இடம் மாறும், பறக்கும்போது ஒன்றையொன்று கூப்பிடும் என்று.

இந்த ஆற்றுக்கே அன்ன ஆறு என்றுதான் பெயர். 1697 ஜனவரியில் விலெம் டி விளாமிங் என்ற ஒல்லாந்தக் கப்பல் தலைவர் இதற்குள் வந்து, கறுப்பு அன்னங்களைக் கண்டு வைத்த பெயர். ரோமர் காலம் தொட்டு ஐரோப்பாவில் "கறுப்பு அன்னம்" என்றால் இல்லாத பொருள், எங்களுக்கு முயற்கொம்பு மாதிரி. யோசித்துப் பாருங்கோ, வளைவு திரும்பினதும் முயற்கொம்பு கூட்டம் கூட்டமாக மிதக்கிறது! ஆனால் இங்கத்தைய பழங்குடிகளான நூங்கார் மக்களுக்கு அது என்றைக்கும் இருந்த பறவை. கூல்ஜாக் என்பார்கள், மாலி என்றும் சொல்வார்கள். ஆற்றுக்கும் டெர்பார்ல் யெரிகன் என்று அவர்களின் பெயர் இருக்கிறது.

படம் எடுக்க நான் போவது லேக் மங்கருக்கு. அங்கேதான் வாங்கிக் கட்டினேன். செப்டெம்பர் மாதம், சாம்பல் பஞ்சு உருண்டைகளாக ஐந்து குஞ்சு. ஒன்று தாயின் முதுகில் ஏறி இறக்கைக்குள் புகுந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தலைக்காக ஒரு அடி, இன்னும் ஒரு அடி என்று முன்னுக்குப் போனேன். தகப்பன் இறக்கையைத் தூக்கி, கழுத்தை வளைத்துச் சீறிக்கொண்டு நேரே வந்தது. பின்னுக்குக் கால் வைத்தேன், களி மண், வழுக்கிக் குந்திவிட்டேன். கமெரா தண்ணீருக்குள். திருத்தக் கேட்ட காசுக்குப் புதிதே வாங்கலாம் போல. பிழை என்னுடையதுதான். இப்போது இறக்கை கொஞ்சம் உயர்ந்தாலே நான் திரும்பி நடந்துவிடுவேன்.

திருநெல்வேலியிலிருந்து

நான் பார்த்ததில்லை, கேள்வி கேட்கத்தான் வந்தேன். குளிர்காலத்தில் கூந்தன்குளத்துக்குப் பட்டைத்தலை வாத்து வரும். நம் பாட்டுகளில் வரும் அன்னம் அதுவாக இருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அண்ணா, நீங்கள் இவ்வளவு கிட்டே பார்க்கிறீர்களே, பாலையும் தண்ணீரையும் பிரிக்கிற மாதிரி அது ஏதாவது செய்கிறதா? சிரிக்காதீர்கள்.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து

மெல்போர்ன் அண்ணா கொடுத்துவைத்தவர். உங்கள் ஊர் அன்னம் மனுஷன் படுத்தால் பக்கத்தில் வரும். நியூசிலாந்தில் இது வேட்டைப் பறவை, மே மாதம் சீசன் தொடங்கும். அதனால் டெ வைஹோரா ஏரியில் கார் கதவைத் திறந்தாலே போதும், கூட்டம் முழுக்க நடுத்தண்ணீருக்குப் போய்விடும். நான் காரையே மறைவாக வைத்துக்கொண்டேன். முதல் நாள் இரவே மண்பாதையில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பழைய வேட்டியைத் திரையாகக் கட்டி, லென்ஸை மட்டும் நீட்டிக்கொண்டு விடியும்வரை. மனைவி அன்றிலிருந்து என்னோடு வருவதை நிறுத்திவிட்டாள்.

இங்கே இவை வந்தேறிகள், 1860களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விட்டது. அதற்கு முன் இங்கேயே ஓர் அன்னம் இருந்து அழிந்துபோயிருக்கிறது. பூவா என்று அதற்குப் பெயர், ஆஸ்திரேலிய உறவைவிடக் கனம் கூடியது, கால் நீளமானது. 1968 ஏப்ரலில் வஹினே என்ற கப்பலைக் கவிழ்த்த அதே புயல், டெ வைஹோராவின் நீர்ப்பாசிப் படுகைகளையும் வேரோடு பிடுங்கிவிட்டது. தின்ன ஒன்றுமில்லாமல் ஆயிரக்கணக்கில் செத்தன. இன்றைக்கும் ஏரி கலங்கல்தான். ஆகவே தெளிந்த தண்ணீரில் நிழல் விழும் படமெல்லாம் இங்கே கேட்காதீர்கள்.

மெல்போர்னிலிருந்து மறுபடியும்

திருநெல்வேலித் தம்பி, இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அது பாலைப் பார்த்தே இருக்காது. ஆனால் கழுத்தை முழுக்க உள்ளே விட்டுப் பாசியைப் பிடுங்கிக்கொண்டு வரும்போது, வாயில் இருப்பதை மென்றபடியே தண்ணீரை அலகின் இரண்டு ஓரத்திலும் ஒழுகவிடும். அந்த ஓரம் சீப்புப் பல் மாதிரி வரிவரியாக இருக்கும். வேண்டியது உள்ளே, தண்ணீர் வெளியே. யாரோ ஒருவர் இதைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்க் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார் என்பது என் ஊகம், அவ்வளவுதான்.

எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பது பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: பறவை ஃபிரேமை அடைத்துக்கொண்டு நின்றால், கேமரா கறுப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும், ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள். மின்னும் தண்ணீரில் சின்னதாக மிதந்தால் நேர்மாறு, அங்கே கூட்ட வேண்டும். நானும் இதை மனப்பாடம் செய்து, ஒரு காலையில் பிளஸ் ஒன்றில், அதாவது ஒரு ஸ்டாப் கூட்டி வைத்து, சுருள் இறகு ஒவ்வொன்றும் எண்ணும்படி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஜோடி ஓடத் தொடங்கியது. தண்ணீர்மேல் தப் தப் தப்பென்று நெடுந்தூரம் ஓடித்தான் எழும். ஷட்டர் 1/2000, ஃபோகஸ் கண்ணில், பின்னணி சுத்தம். இறக்கை விரிந்தது.

உள்ளே முழுக்க வெள்ளை. மடக்கி வைத்திருக்கும்போது ஒளிந்திருக்கும் அந்தப் பறப்பிறகுகள் எல்லாம் வெள்ளை. கறுப்புக்காக வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருந்தவன் நான். பதினேழு படத்திலும் உடம்பு அருமை, இறக்கை மட்டும் ஒட்டி வைத்த வெற்றுக் காகிதம். ஒரு கோடு இல்லை.

பெர்த்திலிருந்து

அந்த வெள்ளைக்கு ஒரு கதை இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் வடக்குப் பக்கத்துப் பழங்குடிகள் சொல்வது. அன்னங்கள் முதலில் வெள்ளையாம். கழுகுகள் தூக்கிக்கொண்டு போய் இறகு முழுவதையும் பிய்த்துப் போட்டனவாம். குளிரில் கிடந்தவற்றுக்குக் காகங்கள் தங்கள் இறகைக் கழற்றிப் போட்டு மூடினவாம். அலகில் சிவப்பு அன்றைய இரத்தம். இறக்கையில் மிஞ்சினது பழைய வெள்ளை.

அது கிடக்க, அடுத்த முறை கழுத்தை நேராக நீட்டித் தலையை ஆட்டிக் கதைக்கத் தொடங்கினதுமே மைனஸுக்கு மாற்றுங்கோ, எழும்பப் போகுது என்று அர்த்தம். ரா ஃபைல் (கமெரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கிற கோப்பு) என்றால் இருண்ட கறுப்பைக் கணினியில் பிறகு தூக்கலாம், எரிந்த வெள்ளை திரும்பி வராது. ஆகஸ்டில் இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கோ, லேக் மங்கரில் நான் விழுந்த இடத்தைக் காட்டுகிறேன். சாக்கு நீங்கள் கொண்டுவாங்கோ.