மீன் கடை அக்காவுக்கு எழுதிய கட்டுரை

பத்தாம் வகுப்புத் தமிழில் கட்டுரைக்கு 8 மதிப்பெண். முன்னுரை, உட்தலைப்புகள், நடுவில் ஒரு குறள், முடிவுரை எல்லாம் இருந்தால் 6-க்குக் கீழே போட எனக்குக் கை வராது.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. ஆனாலும் எங்கள் ஊர்ச் சந்தையில் கவர் தராத கடை இல்லை. அதனால் வகுப்புத் தேர்வில், "உங்களுக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் கவரை நிறுத்தும்படி எழுதுங்கள்" என்று கொடுத்தேன்.

ஒரு மாணவி நான்கு பக்கம் எழுதியிருந்தாள். முத்து முத்தான கையெழுத்து, மண் கெடும், மாடு சாகும், ஆகவே ஒழிப்போம். 7 போட்டேன். ஒரு பையன் ஒன்றரைப் பக்கம்தான், பாதி பேச்சுவழக்கு, ஒற்றுப்பிழை வேறு. 4.

இரவு கூட்டலைச் சரிபார்க்கும்போதுதான் அவன் தாளை நிதானமாகப் படித்தேன். மீன் கடை அக்காவுக்கு எழுதியிருக்கிறான். "மஞ்சப்பையில மீன் போட்டா தண்ணி வடியும், பை நாறும்னு சொல்வீங்க. அது சரிதான்க்கா. அதனால தூக்குச்சட்டி கொண்டு வரச் சொல்லுங்க. கொண்டு வந்தவங்களுக்கு முதல்ல வெட்டிக் கொடுங்க. வரிசையில நிக்கிறவங்க அடுத்த வாரம் தானா சட்டியோட வருவாங்க. கவர் வாங்குற காசும் உங்களுக்கு மிச்சம்."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. அக்கா என்ன மறுப்புச் சொல்வார் என்று யோசித்து, அதை ஒப்புக்கொண்டு, அப்புறம் வழி சொல்கிறான். நான் 7 போட்ட தாளில் கடைக்காரரே இல்லை.

மறுநாள் பெயர் சொல்லாமல் இரண்டையும் வாசித்து, "நீங்கள் கடை வைத்திருந்தால் எதைக் கேட்டு மனம் மாறுவீர்கள்?" என்றேன். மீன் கடைக்குத்தான் கைகள் உயர்ந்தன. அவன் 4-ஐ அடித்து 7 ஆக்கினேன்; பிழைக்கு மட்டும் 1 குறைவு. அவளுக்குக் குறைக்கவில்லை. எதைப் பார்ப்பேன் என்று நான் முன்பே சொல்லவில்லையே.

பதில்

டீச்சர், எனக்கும் இதே தடுமாற்றம் இருந்தது. இப்போது மதிப்பெண் போடுவதற்கு முன், தாள்களை இரண்டிரண்டாக வைத்து "இதில் எது என்னை இணங்க வைக்கிறது?" என்று மட்டும் பார்க்கிறேன். தர்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1927-ல் எழுதிய ஒப்பீட்டு முறையிலிருந்து வந்த வழி இது. 40 தாளுக்கு இப்படிச் செய்தால் விடிந்துவிடும், பத்துப் பன்னிரண்டுக்குச் சரிவரும். கையெழுத்தில் மயங்காமல் இருக்க, சக ஆசிரியரை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்கிறேன். போன பருவத்தில் அப்படிக் கேட்டபோது, நான் 3 போட்டிருந்த தாள் ஒன்று முதலிடத்துக்கு வந்தது.