புதுப்பிப்பு: மெஷினில் சிபிலிஸ் ரியாக்டிவ், ஆர்பிஆர் நெகட்டிவ் – காரணம் கிடைத்தது

அம்பாசமுத்திரத்தில் எங்கள் லேப் மெஷின் ஒரே நாளில் நாலு கர்ப்பிணிகளுக்கு சிபிலிஸ் (பால்வினை நோய்) ரியாக்டிவ், அதாவது அதன் ஆன்டிபாடி ரத்தத்தில் இருப்பதாகக் காட்டியது, கையால் ஆர்பிஆர் (சிபிலிஸுக்கான இன்னொரு ரத்தப் பரிசோதனை) போட்டால் நாலுமே நெகட்டிவ், என்ன செய்ய என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பாளையங்கோட்டை அண்ணாச்சி சொன்னதுதான் சரி. டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் சீரத்தில் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீர்) சிலந்தி நூல் மாதிரி ஃபைப்ரின், அதாவது ரத்தம் உறையும்போது உண்டாகும் புரத இழை; அதுதான் மெஷினை ஏமாற்றியிருக்கிறது. காலைக் கூட்டத்தில் ரத்தம் முழுசாக உறையும் முன்பே சென்ட்ரிஃபியூஜில் (டியூபை வேகமாகச் சுற்றி சீரத்தைப் பிரிக்கும் கருவி) போட்டிருக்கிறோம். நூலை எடுத்துவிட்டு மறுபடி சுற்றி ஓட்டியதும் மூன்று நான்-ரியாக்டிவ். இப்போது அரை மணி நேரம் உறைய விடாமல் எதையும் சுற்றுவதில்லை.

நான்காவது அப்படியே நின்றது, இதை நான் எதிர்பார்க்கவில்லை. டிபிஹெச்ஏ (மெஷினைப் போலவே சிபிலிஸ் கிருமிக்கான ஆன்டிபாடியைத் தேடும் பரிசோதனை) போட்டோம், பாசிட்டிவ். டாக்டர் தனியாக உட்காரவைத்துக் கேட்டதில், அந்த அக்கா முன்பே சிபிலிஸுக்குப் பென்சிலின் ஊசி போட்டு முடித்தவர், பழைய சீட்டும் வைத்திருந்தார். மெஷின் தேடும் ஆன்டிபாடி குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுசுக்கும் ரத்தத்தில் இருக்கும், ஆர்பிஆர்தான் சிகிச்சைக்குப் பின் இறங்கும். ஆனால் புதுத் தொற்றின் ஆரம்பத்திலும் ஆர்பிஆர் நெகட்டிவாக வரலாம், அதனால் அதை மட்டும் பார்த்து ரிப்போர்ட் கொடுத்துவிடாதீர்கள், வயிற்றுப் பிள்ளை விஷயம்.