அறங்காவலர்கள் கணக்குக் காட்டவில்லை: ஆரோவில்லைப் போல எங்கள் குடியிருப்பை அரசு ஏற்க முடியுமா?

நத்தம் சாலை:
அழகர்மலை அடிவாரத்தில், நத்தம் சாலையிலிருந்து மண்பாதையில் உள்ளே தள்ளி, ஒன்பது ஏக்கரில் பதினொரு குடும்பங்கள் சேர்ந்து வாழ்கிறோம். இரண்டு குடும்பங்கள் வெளிநாட்டினர். சமையலறை பொது, கிணறு பொது, மாந்தோப்பும் பொது. யார் பெயரிலும் தனிப் பட்டா இல்லை. இதைத் தொடங்கிய பெரியவர் நிலத்தை ஓர் அறக்கட்டளையின் பெயரில் எழுதிவைத்தார். அவர் இருந்தவரை கணக்கு நோட்டு சமையலறை அலமாரியில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

சென்ற தை மாதம் அவர் காலமானார். மதுரையில் வசிக்கும் மூன்று அறங்காவலர்கள் வந்து நோட்டையும் பத்திரங்களையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். கணக்குக் கேட்டால், "நீங்கள் எல்லாரும் விருந்தினர்கள்தானே?" என்கிறார்கள். போன வாரம் கீழ்ப்புறத்து இரண்டரை ஏக்கரை அளக்க ஆட்கள் வந்தார்கள். அங்கே உள்ள மரங்களில் பாதி என் மாமியார் கையால் நட்டவை. அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை.

புதுச்சேரிக்கு அருகே உள்ள பன்னாட்டுக் குடியிருப்பான ஆரோவில்லில், அதை நிறுவிய அன்னை (மீரா அல்ஃபாசா) மறைந்தபிறகு இதேபோல் தகராறு வந்து, ஒன்றிய அரசு தனிச் சட்டமே போட்டதாகப் படித்தேன். அப்படி எங்கள் இடத்தையும் அரசு எடுத்துக்கொள்ள வழி உண்டா? மனுவை ஆட்சியரிடம் கொடுப்பதா, உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போவதா?

ஒத்தக்கடை:
அம்மா, நான் வழக்கறிஞர். உங்கள் ஒப்பீடு ஓரளவு சரிதான். ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்டது. அன்னை 1973 நவம்பரில் மறைந்ததும், சொத்துகளைத் தன் பெயரில் வைத்திருந்த ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டிக்கும் அங்கு வாழ்ந்தவர்களுக்கும் பணம், நிர்வாகம் பற்றிய பூசல் முற்றியது. 1980 நவம்பரில் ஒன்றிய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து நிர்வாகத்தைத் தற்காலிகமாக ஏற்றது. சொசைட்டி தரப்பு உச்ச நீதிமன்றம் சென்றது. ஸ்ரீ அரவிந்தரின் போதனை ஒரு மதம், அதில் அரசு தலையிடக் கூடாது என்பது அவர்களுடைய முக்கிய வாதம். ஐந்து நீதிபதிகள் அமர்வு 1982இல் சட்டம் செல்லும் என்றது. அது மதமல்ல என்று அவர்களில் நால்வர் சொன்னார்கள். பிறகு நிரந்தர ஏற்பாடாக 1988இல் ஆரோவில் அறநிறுவனச் சட்டம் வந்தது.

ஆனால் அது நாடாளுமன்றம் ஓர் ஊருக்காக மட்டும் இயற்றிய சட்டம். யுனெஸ்கோ தீர்மானங்கள், பல நாட்டு மக்கள், அரசின் நிதி என்று பின்னால் நிறைய இருந்தது. ஒன்பது ஏக்கருக்கு அது நடக்காது. ஆட்சியரிடம் மனு கொடுத்தால் அதிகம் போனால் விசாரணைக்கு அனுப்புவார்.

திருமங்கலம்:
நான் பிறந்தது வானூர் வட்டம். என் அப்பா ஆரோவில்லில் மரம் நட்ட கூலியாட்களில் ஒருவர். செம்மண் பொட்டலாகக் கிடந்த இடம் காடாக மாறியதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன், தங்கச்சி: அரசு வந்தால் விடிந்துவிடும் என்று எண்ணாதீர்கள்.

அந்தச் சட்டத்தில் மூன்று அமைப்புகள் இருக்கின்றன: ஆட்சி மன்றம், குடியிருப்போர் பேரவை, பன்னாட்டு ஆலோசனைக் குழு. ஆட்சி மன்ற உறுப்பினர்களை நியமிப்பது ஒன்றிய அரசு. செயலரை நியமிப்பதும் அதுவே. பதினெட்டு வயது நிரம்பி, குடியிருப்போர் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள்தாம் பேரவை. நிலம் அறநிறுவனத்தின் பெயரில். அதனால் ஒரு தனி மனிதர் விற்றுவிட்டுப் போக முடியாது. இந்த நன்மையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பேரவையின் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதில்தான் இன்றைய சண்டை முழுவதும். 2021 டிசம்பரில் வட்டச் சாலைக்காக மரங்களை இயந்திரம் வைத்துச் சாய்த்தபோது குடியிருப்போரில் பலர் எதிர்த்து நின்றார்கள். சுற்றுச்சூழல் வழக்குகளைப் பார்க்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் அவர்கள் பக்கம் ஓர் உத்தரவு போட்டது. உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை ரத்து செய்தது. அங்கேயும் மரத்தை நட்டவர்கள் இருந்தார்கள்.

நத்தம் சாலை:
அண்ணே, அப்படியானால் அந்தச் சட்டத்தால் குடியிருந்தவர்களுக்கு என்னதான் கிடைத்தது?

ஒத்தக்கடை:
கேள்வி கேட்கும் இடம் கிடைத்தது. சட்டத்தால் உருவான அமைப்பு என்பதால் அதன் கணக்கை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பார்க்கிறார். ஆண்டறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகிறது. பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அரசு அமைப்புகளுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவும் போடலாம். (விழுப்புரம் மாவட்டம் என்பதால் அவர்கள் சென்னைக்குப் போகிறார்கள்; நம் மாவட்ட வழக்குகள் மதுரைக் கிளைக்கு வரும்.) உங்கள் அறங்காவலர்கள் தனியார். அவர்கள்மீது ரிட் மனு போட்டால் பெரும்பாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதனால் சட்டம் தேடுவதை நிறுத்திவிட்டு முதலில் காகிதத்தைத் தேடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரத்தின் சான்றிட்ட நகலும் நிலத்துக்கு வில்லங்கச் சான்றும் வாங்குங்கள். பத்திரத்தில் பயனாளிகள் யார் என்று என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஒருவேளை அறக்கட்டளையாக இல்லாமல் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்த சங்கமாக இருந்தால் வழி வேறு: மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் பதிவாளர் விசாரணை நடத்தலாம்.

செல்லூர்:
நான் தணிக்கையாளரிடம் வேலை செய்கிறேன். வேறு இரண்டு விஷயம் கேட்க வேண்டும். வெளிநாட்டுக் குடும்பங்கள் கிணற்றுக்கோ கட்டடத்துக்கோ பணம் கொடுத்திருக்கிறார்களா? அறக்கட்டளைக் கணக்கில் வெளிநாட்டு நன்கொடை வரவேண்டுமானால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும். பணமும் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வரவேண்டும். இரண்டாவது, வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலருக்கு அதற்கான படிவம் (முன்பு ‘சி’ படிவம்) கொடுக்க வேண்டும். ஆரோவில்லில் விசாவுக்குப் பரிந்துரைக்க ஓர் அலுவலகமே இருக்கிறது. உங்களுக்கு அந்த நிழல் இல்லை. நீங்கள் வழக்குப் போட்ட மறுநாள் எதிர்த்தரப்பு இவற்றைத்தான் தோண்டும். முன்பே சரிசெய்து வையுங்கள்.

நத்தம் சாலை:
நகல் வந்துவிட்டது. அறக்கட்டளைதான், சங்கம் இல்லை. பயனாளிகள் என்ற இடத்தில், "இந்நிலத்தில் தங்கி உழைத்து வாழ விரும்பும் எவரும், சாதி, மதம், நாடு வேறுபாடின்றி" என்று பெரியவர் எழுதியிருக்கிறார். விருந்தினர் என்ற சொல் எங்கும் இல்லை. படித்துவிட்டு நானும் மாமியாரும் அழுதுவிட்டோம். வெளிநாட்டவர் பணம் எதுவும் அறக்கட்டளைக் கணக்கில் வரவில்லை. தங்கவைத்ததற்கான படிவம் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறது, மற்றதற்கு இன்று காலை கொடுத்துவிட்டோம்.

ஒத்தக்கடை:
"எவரும்" என்ற சொல் உங்கள் பக்கம். பயனாளிகள் குறிப்பிட்ட சிலர் அல்லர் என்பதால் பொது அறக்கட்டளை என்று வாதிடலாம். அப்படியானால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவின்கீழ், அக்கறையுள்ள இருவர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் நீதிமன்ற அனுமதி பெற்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். கணக்குக் கேட்கலாம், அறங்காவலரை நீக்கக் கேட்கலாம், இனி நிர்வாகம் எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு திட்டம் வகுத்துத் தரவும் கேட்கலாம். அந்தக் கடைசிக் கோரிக்கையை விட்டுவிடாதீர்கள். அறங்காவலர்களில் பாதிப்பேர் அங்கே வசிப்பவர்களாக இருக்க வேண்டும், குடியிருப்போர் பதிவேடு வேண்டும், நிலத்தை விற்கப் பேரவையின் சம்மதம் வேண்டும் என்று வரைவை நீங்களே எழுதிக் கொடுங்கள். ஆரோவில் சட்டத்தில் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் இடம்தான் பெரும்பாலும் இருக்கிறது. உங்கள் திட்டத்தில் "சம்மதம்" என்றே எழுதுங்கள், "கலந்தாலோசித்து" என்று எழுதாதீர்கள்.

இரண்டரை ஏக்கருக்கு இடைக்காலத் தடை உடனே கேட்க வேண்டும். சார்பதிவாளரிடம் ஆட்சேப மனு கொடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

திருமங்கலம்:
பதிவேட்டை இன்றே தொடங்குங்கள், தங்கச்சி. ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, மின்கட்டண ரசீது, எந்த ஆண்டு வந்தீர்கள் என்பது எல்லாம் அதில் வரட்டும்.

நத்தம் சாலை:
நான்கு பேர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி மனு கொடுத்துவிட்டோம். முதல் மனுதாரர் மாமியார்தான். இரண்டரை ஏக்கரை விற்கவோ அளக்கவோ கூடாது என்று நேற்று இடைக்காலத் தடை கிடைத்திருக்கிறது. அறங்காவலர்கள் பதில் தாக்கல் செய்ய மூன்று வாரம். திருமங்கலம் அண்ணன் சொன்ன ரசீதுகளை எல்லாம் எடுத்துவைத்திருக்கிறேன், சனிக்கிழமை கொண்டுவருகிறேன்.