திரும்பக் கந்தோருக்கு வரச் சொன்னபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

வல்லைக்காற்று (யாழ்ப்பாணம்) கேட்டது:

என் தம்பி கனடாவில், ஒன்ராறியோ மாகாண அரசாங்கத்தில் வேலை செய்கிறான். போன கிழமை போன் எடுத்து அரை மணித்தியாலம் அழாக்குறையாகப் புலம்பினான். 2026 ஜனவரி 5 ஆம் திகதியிலிருந்து கிழமையில் ஐந்து நாளும் கந்தோருக்குப் போகவேண்டுமாம், வீட்டிலிருந்து வேலை செய்வது முடிந்ததாம். நான் சிரித்துவிட்டேன். அவனுக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டான். இன்னும் எடுக்கவில்லை.

நான் ஏன் சிரித்தேன் என்றால், எனக்கு 2022 ஞாபகம் வந்தது. அப்போது இங்கே பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், அதுவும் நாள் கணக்கில் கியூவில் நின்றால்தான். அரசாங்க ஊழியர்களைக் குறைத்துக் கூப்பிடச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று வெள்ளிக்கிழமையும் லீவு தந்தார்கள். எங்கள் கந்தோரில் எனக்குக் கிழமையில் இரண்டு நாள்தான் முறை வந்தது. நெல்லியடியிலிருந்து சைக்கிளில் போவேன். ஆடி மாதம் வல்லை வெளியில் சோளகக் காற்று முகத்தில் அடிக்கும், பாலத்துக்கு இங்கால் இறங்கி உருட்டித்தான் போகவேண்டும். அதனால் வீட்டில் நிற்கும் நாள் சொர்க்கம். பயிற்றை போட்டேன், வெண்டி போட்டேன். வேலை? சொன்னால் வெட்கம். பைல் எல்லாம் கந்தோர் அலுமாரியில். வீட்டில் நான் செய்தது வாட்ஸ்அப்பில் வந்த கடிதங்களுக்கு “கிடைத்தது” என்று போட்டதுதான்.

ஒரு வியாழக்கிழமை பதினொரு மணி இருக்கும். கந்தோரிலிருந்து போன். எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு ஐயா, முதியோர் கொடுப்பனவில் பெயர் பிழையாக விழுந்ததைத் திருத்த வந்திருக்கிறார். பேரன் கரியரில் வைத்து உழக்கிக்கொண்டு வந்தவனாம். அது மூன்றாம் தரம். “சப்ஜெக்ட் பார்க்கிறவ இன்றைக்கு வரமாட்டா” என்று முதல் இரண்டு தரமும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தமுறை அவர் போகமாட்டேன் என்று வாங்கிலில் இருந்துவிட்டார். சரி, அலுமாரியைத் திறந்து பைலை எடுத்துக் கொடுங்கள் என்றேன். “திறப்பு எங்கே அக்கா?” என்றாள் மற்றப் பிள்ளை. திரும்பிப் பார்த்தேன். குசினிக் கதவுக்குப் பக்கத்து ஆணியில், என் ஹாண்ட்பாக்கோடு தொங்குகிறது.

சாறி மாற்றாமல் வீட்டுச் சட்டையோடு சைக்கிளை எடுத்தேன். போய்ச் சேர ஒன்றேகால் மணித்தியாலம். ஐயா என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, “தண்ணி குடி பிள்ளை” என்றார். வேலை ஏழு நிமிடத்தில் முடிந்தது.

அப்புறம் பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்று ஒழுங்கானதும் எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். எனக்குக் கவலைதான், பயிற்றை அப்போதுதான் பூத்தது. ஆனால் வாய் திறந்து குறை சொல்ல முடியவில்லை. என் கேள்வி இதுதான்: தம்பிக்குச் சிரித்தது பிழையா? உங்களில் அரசாங்க வேலை பார்த்தவர்களுக்குத் திரும்பிப் போன நாள் எப்படி இருந்தது?

—

பென்சன்காரர்:

பிள்ளை, 1995 இல் போரால் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது நாங்கள் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்து வாங்கிலைப் போட்டுக் கந்தோர் நடத்தினோம். சீலும் மைப்பெட்டியும் ஷொப்பிங் பையில். சனம் தேடிப்பிடித்து வந்தது. அதனால் இடம் மாறியதைப் பெரிய விஷயமாக எடுக்கமாட்டேன். சீல் உன்னோடு வந்ததா, பைல் வந்ததா, அதைத்தான் பார்ப்பேன். 2022 இல் உங்களை வீட்டுக்கு அனுப்பினவர்கள் பைலை அனுப்பவில்லை. அது உன் பிழை இல்லை. திறப்பைக் கொண்டுபோனது உன் பிழை.

—

நாலுமேசை:

அக்கா, நான் 2020 இல் பயிலுநராகச் சேர்ந்த பட்டதாரி. எங்கள் கிளையில் பதினொரு பேருக்கு நாலு மேசை. பாதிப்பேர் வீட்டில் நின்ற காலத்தில்தான் முதல்தரம் எனக்கென்று ஒரு கதிரை கிடைத்தது! எல்லோரும் திரும்பி வந்த திங்கட்கிழமை எட்டரைக்கு வரவு மெஷினில் விரல் வைத்துவிட்டு நாலே கால்வரை ஜன்னல் விளிம்பில் இருந்தேன். அப்போது மகளுக்கு ஒன்றரை வயது, அம்மாவிடம் விட்டுவிட்டு வருவேன். விரல் வைக்கவா என்னைக் கூப்பிட்டார்கள் என்று அழுகை வந்தது. நீங்கள் சிரித்ததை நான் பிழை என்பேன், கோபிக்க வேண்டாம்.

—

ஸ்காபரோ மாமா:

தங்கச்சி, நானும் அதே மாகாண அரசாங்கம்தான், தம்பியின் பக்கம் கொஞ்சம் சொல்லவேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து எங்களுக்குக் கிழமையில் மூன்று நாள் கந்தோர், இரண்டு நாள் வீடு. அதை நம்பித்தான் சனம் ஒஷாவா, பரி என்று ரொறன்ரோவுக்குத் தூரத்தில் வீடு வாங்கியது. கிட்ட வாங்க யாரிடம் காசு? 2025 ஓகஸ்டில் திடீரென்று அறிவித்தல்: ஒக்டோபர் 20 இலிருந்து நாலு நாள், 2026 ஜனவரி 5 இலிருந்து ஐந்து. மத்திய அரசாங்கத்தில் இருப்பவர்களை 2024 செப்டெம்பரில் மூன்று நாள் வரச் சொன்னார்கள், அதற்கே அவர்களின் சங்கங்கள் எதிர்ப்புக் காட்டின.

என் பைல் ஒன்றும் அலுமாரியில் இல்லை. எல்லாம் கொம்பியூட்டருக்குள். கந்தோருக்குப் போய் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, வேறு ஊரில் இருக்கிறவனோடு வீடியோவில் கூட்டம். இதற்கு விடிய ஐந்தரைக்குப் பனி வழித்துக் காரை எடுக்கிறேன். நாலுமேசை தங்கச்சி, இங்கேயும் முந்தி வந்தவனுக்குத்தான் மேசை!

—

நாவற்குழியான்:

நான் அரசாங்கம் இல்லை, கமம். அந்த வருடம் ஒரு கையெழுத்துக்கு நாலு தரம் அலைந்தவன். “அவர் வீட்டிலிருந்து வேலை” என்றார்கள். அவரின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மனுசன் மாட்டுக்கு வைக்கோல் போடுகிறார். தேத்தண்ணி தந்தார். கையெழுத்து வைக்க சீல் இல்லை. எல்லோரும் கந்தோருக்கு வாருங்கோ ராசா.

—

வல்லைக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. நாவற்குழி அண்ணை, அந்தத் தேத்தண்ணிக் கதையை வாசித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு நானும் அந்த ஆள்தானே என்று சிரிப்பு நின்றுவிட்டது.

நாலுமேசை தங்கச்சி சொன்னதுதான் எனக்குச் சுட்டது. நான் தம்பியை என் அலுமாரியால் அளந்துவிட்டேன். அவனுக்கு அலுமாரியே இல்லை என்று மாமா சொல்லித்தான் விளங்கியது. அவன் வீடு பரியில், ஒரு வழிக்கு ஒன்றரை மணித்தியாலம் என்று சொன்னவன், நான் அதைக் காதில் விழுத்தவில்லை. ஆனால் ஒன்றில் மட்டும் மாறமாட்டேன்: இங்கே எங்கள் கவுண்டரில் யாராவது இருக்கத்தான் வேண்டும், எங்கள் சனம் அப்படித்தான் வருகிறது, சைக்கிளில், கடிதத்தை ரப்பர்பாண்ட் போட்டுச் சுருட்டிக்கொண்டு.

நேற்று இரவு மெசேஜ் போட்டேன், சிரித்ததற்கு மன்னிப்பு என்று. ஒரு படம் மட்டும் அனுப்பியிருக்கிறான். ரயில் ஜன்னல், வெளியே ஒரே இருட்டு, அதில் அவன் முகம் தெரிகிறது. கீழே, “வல்லையை விடக் குளிர்.”

பென்சன் ஐயாவுக்கு: அடுத்த நாளே நெல்லியடியில் என் காசில் இரண்டாவது திறப்பு வெட்டினேன். அது இப்போது சீஃப் கிளாக்கின் லாச்சியில். லாச்சித் திறப்பு அவரோடு வீட்டுக்குப் போகிறது, அது வேறு கதை.