படிவம் நிரப்பிய பிறகும் ஐபோனில் பிடிஎஃப் இறங்கவில்லை, உதவுங்கள்

வணக்கம். எங்கள் தளத்தில் மாடித்தோட்டக் கையேடு ஒன்றை இலவசமாகத் தருகிறோம். பெயர், மின்னஞ்சல், செல்பேசி எண் கொடுத்துச் சமர்ப்பித்ததும் சர்வர் அதைச் சேமித்துவிட்டுப் புது டேபில் பிடிஎஃப்பைத் திறக்க வேண்டும். கணினியில் குரோமில் ஒழுங்காக வருகிறது. ஐபோன் சஃபாரியில் ஒன்றுமே நடப்பதில்லை, பிழைச் செய்தியும் இல்லை. பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவதால் ஒரே ஆள் பட்டியலில் பலமுறை பதிவாகிறார். இன்னொரு சிக்கல்: ஒருமுறை மட்டும் திறக்கும் இணைப்பை மின்னஞ்சலிலும் அனுப்புகிறோம். அலுவலக முகவரி கொடுத்தவர்கள் தொட்டால் 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று வருகிறது.

பதில் 1:
சர்வரின் பதில் வந்த பிறகு டேபைத் திறக்கிறீர்கள் இல்லையா, காரணம் அதுதான். விரல் பட்டவுடன் திறந்தால் சஃபாரி விடும். காத்திருந்து அப்புறம் திறந்தால் பாப்-அப் என்று தடுத்துவிடும். புது டேபே வேண்டாம். படிவம் இருந்த இடத்திலேயே 'கையேட்டை இறக்குங்கள், பிடிஎஃப், 6 எம்பி' என்று சாதாரண இணைப்பாகக் காட்டுங்கள். அவர்களே தொடுவதால் தடை வராது. சமர்ப்பித்ததும் பட்டனை முடக்கி 'அனுப்புகிறோம்' என்று காட்டினால் இரட்டைப் பதிவும் குறையும். கோப்பு வேறு டொமைனில் இருந்தால் இணைப்பில் டவுன்லோட் ஆட்ரிபியூட் (திறக்காமல் இறக்கச் சொல்லும் குறிப்பு) போட்டுப் பயனில்லை. சர்வர்தான் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் ஹெட்டரில் (கோப்பைத் திறப்பதா இறக்குவதா என்று உலாவிக்குச் சொல்லும் வரி) அட்டாச்மென்ட் என்று அனுப்ப வேண்டும். இறங்கிய கோப்பு ஃபைல்ஸ் செயலியில் டவுன்லோட்ஸுக்குள் இருக்கும் என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள், போட்டோஸில் போய்த் தேடுகிறவர்கள் உண்டு.

பதில் 2:
மின்னஞ்சல் விஷயம்: பல அலுவலகங்களில் பாதுகாப்பு மென்பொருள் உள்ளே வரும் இணைப்புகளைத் தானே முதலில் திறந்து சோதிக்கும். உங்கள் ஒருமுறை வாய்ப்பு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. இலவசக் கையேட்டுக்கு அந்தப் பூட்டு எதற்கு? எடுத்துவிடுங்கள். கோப்பு அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3-இல் இருந்தால் கையொப்பமிட்ட இணைப்பை (குறிப்பிட்ட காலம் மட்டும் திறக்கும் இணைப்பு) அப்படியே அனுப்பாதீர்கள், அதன் ஆயுள் அதிகபட்சம் 7 நாள்தான். உங்கள் தள முகவரியை அனுப்பி, தொடும்போது புதிதாக உருவாக்கிக் கொடுங்கள்.

கேட்டவர்:
இரண்டு பேருக்கும் நன்றி. இணைப்பாக மாற்றியதும் ஐபோனில் இறங்குகிறது. ஆனால் உடனே கொடுத்துவிட்டால் போலி மின்னஞ்சல் போடுவார்களே?

பதில் 1:
சிலர் போடுவார்கள், போகட்டும். விருப்பமில்லாதவரின் முகவரி உங்கள் பட்டியலுக்கு எப்படியும் உதவாது. செய்திமடலுக்குத் தனி டிக் பெட்டி வையுங்கள், முன்கூட்டியே டிக் போட்டு வைக்காதீர்கள். செல்பேசி எண் எதற்கு? யாரையும் அழைக்கப்போவதில்லை என்றால் நீக்கிவிடுங்கள். நோக்கத்துக்குத் தேவையான விவரத்தை மட்டும் ஒப்புதலோடு வாங்க வேண்டும் என்றுதான் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

கேட்டவர்:
சரி, எண்ணை இன்றே எடுத்துவிடுகிறேன். ஏற்கெனவே வாங்கிய எண்களையும் அழித்துவிடச் சொல்கிறேன்.